மோவா: ஆரோக்கியமாக இருந்த ஒரு பெரும் பறவையினம் ஏன் அவ்வளவு சீக்கிரம் அழிந்தது?

நியூசிலாந்துக் காடுகளில் லான்ஸ்வுட் என்றொரு மரம் உண்டு. நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் அதை ஹோரொயெகா என்பார்கள். அதன் இளஞ்செடியை முதல்முறை பார்ப்பவர்கள் ஏதோ நோய் பிடித்த செடி என்றே நினைப்பார்கள். கிளையே இல்லாத ஒல்லித் தண்டு. அதிலிருந்து கீழ்நோக்கித் தொங்கும் நீளமான, குறுகலான, தோல்போல் விறைத்த இலைகள். ஓரமெல்லாம் பல். முளைத்த புதிதில் இலைகள் காய்ந்த சருகின் பழுப்பு நிறத்தில் தரையோடு தரையாகக் கலந்து கிடக்கும். கொஞ்சம் வளர்ந்ததும் ஒவ்வொரு பல்லின் பக்கத்திலும் பளிச்சென்று ஒரு புள்ளி தெரிய ஆரம்பிக்கும். இப்படியே பல ஆண்டுகள் போகும். மரம் ஏறத்தாழ 3 மீட்டர் உயரத்தைத் தொட்டதும் எல்லாம் மாறிவிடும். கிளை விடும், இலை அகன்று சாதாரணப் பச்சைக்கு வரும், பல்லும் புள்ளியும் மறைந்துபோகும். இதுவும் அதுவும் ஒரே மரமா என்று சந்தேகம் வரும் அளவுக்கு ஆளே மாறிவிடும்.

அந்த 3 மீட்டர்தான் இங்கே முக்கியம். மனிதர் வருவதற்கு முன் நியூசிலாந்தில் செடிகொடிகளைக் கடித்துத் தின்ன ஆடு, மாடு, மான் என்று எதுவும் கிடையாது. வௌவால்களை விட்டால் நிலத்தில் வாழும் பாலூட்டியே அங்கே இயல்பாக இல்லை. அந்த வேலையை லட்சக்கணக்கான ஆண்டுகளாகச் செய்துவந்தவை மோவா எனப்படும் பறக்காத பறவைகள். அவற்றில் மிகப் பெரியது டைனார்னிஸ் என்ற பேரினம். அதன் அலகு எட்டும் உயரம் வரைக்கும்தான் லான்ஸ்வுட்டுக்குப் பாதுகாப்பு தேவைப்பட்டது. நியூசிலாந்துக்குக் கிழக்கே சாத்தம் தீவுகளில் இதே மரத்தின் நெருங்கிய உறவு ஒன்று வளர்கிறது. அந்தத் தீவுகளில் மோவா வாழ்ந்ததே இல்லை. அங்கிருக்கும் மரத்துக்கு இந்த வேஷமும் இல்லை. குளிர், காற்று, வெயில் என்று வேறு காரணம் சொல்லும் தாவரவியலாளர்கள் உண்டு. ஆனால் சாத்தம் தீவுச் சான்றைப் பார்த்த பிறகு எனக்கு மோவா விளக்கமே பொருத்தமாகப் படுகிறது.

சரி, இந்தப் பறவை எவ்வளவு பெரியது? டைனார்னிஸில் இரண்டு சிற்றினங்கள் இருந்தன. ஒன்று வடதீவில், மற்றொன்று தென்தீவில். பெண் பறவையின் முதுகே ஏறத்தாழ 2 மீட்டர் உயரம். கழுத்தை முழுக்க நீட்டினால் 3.6 மீட்டர் வரை எட்டும். எடை 240 கிலோ வரை போயிருக்கிறது. பழைய அருங்காட்சியகப் படங்களில் ஒட்டகச்சிவிங்கி மாதிரி கழுத்தைச் செங்குத்தாக நிறுத்தியிருப்பார்கள். பார்ப்பவரை அசத்துவதற்காக நிறுத்திய நிலை அது. முதுகெலும்பு மண்டையோட்டின் பின்பக்கத்தில் வந்து சேர்வதைப் பார்த்தால், பறவை தலையை முன்னால் நீட்டி, கழுத்தை வளைத்துத்தான் நடந்திருக்கும் என்று தெரிகிறது. தேவைப்பட்டபோது மட்டும் மேலே எட்டியிருக்கும்.

சிறகு என்று ஒன்று இல்லவே இல்லை. தீக்கோழிக்கும் ஈமுவுக்கும் பறக்க முடியாவிட்டாலும் சிறகெலும்பு உண்டு. கோழி அளவே உள்ள கிவிக்குக்கூட இறகுக்குள் ஒளிந்திருக்கும் சின்னஞ்சிறு சிறகு இருக்கிறது. மோவாவுக்கு அந்த மிச்சம் மீதியும் கிடையாது. தோளில் சிறகெலும்பு வந்து பொருந்தவேண்டிய குழியே இல்லை. இதைவிட வியப்பு, அதன் நெருங்கிய உறவினர் யார் என்பது. கிவியும் மோவாவும் ஒரே நாட்டுப் பறவைகள், ஆகவே அண்ணன் தம்பியாக இருக்கும் என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள். டி.என்.ஏ. வேறு கதை சொன்னது. கிவிக்கு நெருங்கிய சொந்தம் மடகாஸ்கரில் அழிந்துபோன யானைப்பறவை. மோவாவுக்கு நெருங்கிய சொந்தம் தென்னமெரிக்காவின் டினமூ. கௌதாரி போலத் தரையில் திரியும் சிறிய பறவை அது, இன்றும் பறக்கக்கூடியது. அப்படியானால் மோவாவின் மூதாதையர் எப்போதோ பறந்து வந்து இறங்கியவர்களாக இருக்க வேண்டும். தரையில் துரத்துவதற்கு யாருமே இல்லாத நாட்டில் அவர்களின் வாரிசுகள் சிறகையே கைவிட்டுவிட்டார்கள்.

ஐரோப்பிய அறிவியலுக்கு இந்தப் பறவை அறிமுகமானது ஒரு எலும்புத் துண்டு வழியாக. 1839இல் ஜான் ரூல் என்ற மருத்துவர் லண்டனில் உடற்கூறியல் அறிஞர் ரிச்சர்ட் ஓவனிடம் அதைக் கொண்டுவந்து காட்டினார். ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் நீளம், இரண்டு முனையும் உடைந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் மாட்டெலும்புதான். ஓவன் அதை மற்ற விலங்குகளின் எலும்புகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். உள்ளமைப்பு பறவையுடையது, ஆனால் பறக்கும் பறவைகளுக்கு இருப்பதுபோல் காற்றறை கொண்ட மெல்லிய எலும்பாக இல்லை. நியூசிலாந்தில் தீக்கோழி அளவுக்குப் பெரிய, பறக்காத பறவை ஒன்று வாழ்ந்தது, ஒருவேளை இன்னும் வாழ்கிறது என்று அந்த ஆண்டு நவம்பரில் லண்டன் விலங்கியல் சங்கத்தில் அறிவித்தார். ஒரு உடைந்த எலும்பை மட்டும் வைத்துக்கொண்டு இப்படிச் சொல்வது பெயரையே பணயம் வைக்கும் காரியம். 1843இல் வில்லியம் வில்லியம்ஸ் என்ற மதபோதகர் அனுப்பிய எலும்புப் பெட்டிகள் லண்டன் வந்து சேர்ந்தன. ஓவன் சொன்னது சரி என்று ஆயிற்று. டைனார்னிஸ் என்ற பெயரை அவர் வைத்ததும் அந்த ஆண்டில்தான். மாவோரி மக்களுக்கு இந்தப் பறவை பற்றி ஏற்கெனவே தெரிந்திருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ‘மோவா அழிந்ததுபோல் அழிந்துபோனது’ என்ற வழக்கு அவர்கள் வாய்மொழியில் இருந்தது. ஒரு இனம் மொத்தமாக மறைந்துபோகக்கூடும் என்பதை அனுபவத்தில் கண்ட சமூகம் அது.

அதன் பிறகு எலும்புகள் குவிய ஆரம்பித்தன. 1860களில் தென்தீவின் கிளென்மார்க் சதுப்பில் தோண்டிய எலும்புகளைக் கான்டர்பரி அருங்காட்சியகத்தின் ஜூலியஸ் ஹாஸ்ட் உலகின் பல அருங்காட்சியகங்களுக்கு அனுப்பி, பதிலுக்கு வேறு காட்சிப் பொருட்களைப் பெற்றுக்கொண்டார். எலும்பு கூடக்கூடச் சிற்றினங்களின் பெயர்ப் பட்டியலும் நீண்டது. ஒரே இடத்தில், ஒரே காலத்தில் பெரியது ஒன்று, நடுத்தரம் ஒன்று, சிறியது ஒன்று என்று அளவு வித்தியாசத்தில் எலும்புகள் கிடைத்தால் என்ன செய்வார்கள்? தனித்தனிச் சிற்றினம் என்றுதான் பெயர் வைப்பார்கள். டைனார்னிஸில் மூன்று சிற்றினங்கள் என்பது 20ஆம் நூற்றாண்டு முடியும் வரை பாடநூல் கருத்து.

2003இல் அது உடைந்தது. பறவைகளில் பெண்ணுக்கு மட்டுமே உரிய குரோமோசோம் ஒன்று உண்டு. எலும்பில் மிஞ்சியிருந்த டி.என்.ஏ.வில் அதன் சுவடு இருக்கிறதா என்று இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே தேடின. பெரிய எலும்புகள் எல்லாம் பெண், சிறிய எலும்புகள் எல்லாம் ஆண் என்று முடிவு வந்தது. ‘சிறிய சிற்றினம்’ என்று நூறாண்டுக்கும் மேலாக அழைக்கப்பட்டது, பெரியதன் ஆண்! ஆணின் எடை 34 முதல் 85 கிலோவுக்குள் அடங்கும். பெண் அதைவிட இரண்டரை மடங்குக்கும் மேல் கனம். பெண் பெரிதாக இருக்கும் பறவைகள் வேறு பல உண்டு, கழுகுகளிலேயே பார்க்கலாம். ஆனால் இவ்வளவு வித்தியாசம் வேறெந்தப் பறவையிலும் பதிவாகவில்லை.

கூடவே இன்னொரு கேள்வியும் வந்தது: முட்டையின் மேல் உட்கார்ந்தது யார்? 1850களில் கைக்கூரா என்ற கடலோர ஊரில், மாவோரிப் புதைகுழி ஒன்றில், முழு மோவா முட்டை ஒன்று கிடைத்தது. 24 சென்டிமீட்டர் நீளம், ஏறத்தாழ 18 சென்டிமீட்டர் அகலம். இவ்வளவு பெரிய முட்டைக்கு டைனார்னிஸின் ஓடு ஏறத்தாழ 1.4 மில்லிமீட்டர் தடிமன்தான். தீக்கோழி முட்டை ஓட்டைவிட மெல்லியது. 200 கிலோ பறவை அதன் மேல் உட்கார்ந்தால் தாங்குமா? 2010இல் முட்டையோட்டின் வெளிப்பரப்பில் ஒட்டியிருந்த டி.என்.ஏ.வை எடுத்துச் சோதித்தார்கள். அடைகாக்கும் பறவையின் வயிறு உரசி உரசிப் படிந்தது அது. கிடைத்தது ஆணின் டி.என்.ஏ. இலேசான உடல் கொண்ட தகப்பன் பறவைதான் அடைகாத்திருக்கிறது. பல நூறாண்டு பழைய ஓட்டுத் துண்டு ஒன்று குடும்பத்தில் யார் என்ன வேலை பார்த்தார்கள் என்று காட்டிக்கொடுத்ததை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்புதான்.

என்ன தின்றது என்பதும் இதே நெருக்கத்தில் தெரியும். வட கான்டர்பரியில் பிரமிட் வேலி என்ற சதுப்பில் சேற்றில் சிக்கி இறந்த மோவாக்களின் வயிற்றுப் பகுதி அப்படியே பதிந்து கிடைத்தது. கத்தரிக்கோலால் வெட்டியதுபோல் நறுக்கப்பட்ட குச்சிகள், இலைகள், விதைகள். அவற்றோடு கூழாங்கற்கள். கோழியைப்போல இதுவும் அரைவைப்பையில் கல்லை வைத்துத்தான் இரையை அரைத்தது. டைனார்னிஸின் வயிற்றில் அந்தக் கற்கள் மட்டுமே சில கிலோ இருக்கும். அப்புறம் எச்சம். மத்திய ஒட்டாகோவிலும் டார்ட் ஆற்றுப் பள்ளத்தாக்கிலும், மழை படாத பாறை மறைவுகளில், காய்ந்து போன மோவா எச்சங்கள் குவியலாகக் கிடைத்தன. டி.என்.ஏ. வைத்து எது எந்த மோவாவுடையது என்று பிரித்தார்கள். மகரந்தத்தையும் விதையையும் வைத்து அது என்ன தின்றது என்று கண்டார்கள். ஒரே பள்ளத்தாக்கில் நான்கு வகை மோவாக்கள், ஒவ்வொன்றும் வேறு வேறு உணவு. டைனார்னிஸ் காட்டிலும் மேய்ந்திருக்கிறது, புல்வெளிப் பூண்டுகளையும் தின்றிருக்கிறது. காளான்கூட விலக்கில்லை. தென் பீச் மரங்களின் வேரோடு கூட்டாக வாழும் காளான்களின் டி.என்.ஏ. மோவா எச்சத்தில் கிடைத்திருக்கிறது. அந்தக் காளான்கள் பரவுவதில் இந்தப் பறவைகளுக்குப் பங்கு இருந்திருக்கலாம்.

மோவாவுக்கு இயற்கையில் ஒரே ஒரு எதிரி, அதுவும் வானத்திலிருந்து. ஹாஸ்ட் கழுகு என்பது மனிதர் அறிந்த கழுகுகளிலேயே கனமானது; பெண் கழுகு 10 முதல் 15 கிலோ. மோவாவின் இடுப்பெலும்புகள் சிலவற்றில் அதன் நகம் துளைத்த ஓட்டைகள் இருக்கின்றன. இந்தக் கழுகின் நெருங்கிய உறவுகள் ஆஸ்திரேலியாவின் சிறிய கழுகு ஒன்றும், குளிர்காலத்தில் தமிழ்நாடு வரை வலசை வருகிற பூட்டட் கழுகும்தான். பூட்டட் கழுகின் எடை ஒரு கிலோவைச் சுற்றியே இருக்கும். பெரிய இரை கிடைத்த தீவில் அந்தக் குடும்பத்தின் ஒரு கிளை எப்படி வளர்ந்திருக்கிறது பாருங்கள்.

இனி அழிவின் கதை. இதைப் பேசும்போது பலரும் மோவாவை ஏதோ காலாவதியான, மந்தமான பிராணிபோலப் பேசுவார்கள். தட்பவெப்பம் மாறியது, ஏற்கெனவே நலிந்துகொண்டிருந்தது, மனிதன் வந்து கடைசித் தள்ளு தள்ளினான் என்பது ஒரு வசதியான கதை. 2014இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று அதற்கு இடம் வைக்கவில்லை. நூற்றுக்கணக்கான மோவாக்களின் எலும்புகளை ஆராய்ந்து, மனிதர் வருவதற்கு முந்தைய நாலாயிரம் ஆண்டுகளில் அவற்றின் எண்ணிக்கையில் சரிவே இல்லை என்று அது காட்டியது. நலிவின் அடையாளம் எதுவும் கிடையாது. கடைசி வரைக்கும் நன்றாக இருந்த இனங்கள் அவை.

மாவோரி மக்களின் மூதாதையரான பாலினேசியர்கள் நியூசிலாந்தில் குடியேறியது 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். உலகின் பெரிய நிலப்பரப்புகளில் மனிதர் கடைசியாகக் குடியேறியது இங்கேதான். 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள், அதாவது ஏறத்தாழ 150 ஆண்டுகளில், ஒன்பது மோவா சிற்றினங்களும் போய்விட்டன. அன்றைக்கு அந்த இரண்டு தீவுகளிலும் சேர்த்து இருந்த மக்கள்தொகை சில ஆயிரத்தைத் தாண்டாது என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். இரும்பு கிடையாது, துப்பாக்கி கிடையாது. தமிழ்நாட்டைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் பரப்புள்ள, மலையும் காடுமான நாட்டில் அவ்வளவு குறைந்த பேர் இதை எப்படிச் செய்து முடித்தார்கள்?

விடை பறவையின் வாழ்க்கை முறையில் இருக்கிறது. பெரும்பாலான பறவைகள் ஒரே ஆண்டுக்குள் முழு உருவத்துக்கு வளர்ந்துவிடும். மோவா இனங்கள் பலவற்றின் காலெலும்பைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், மரத்தில் தெரிவதுபோல் ஆண்டு வளையங்கள் தெரிகின்றன. எலும்பு வளர்ச்சி முடியவே பல ஆண்டுகள், சிலவற்றில் பத்தாண்டு வரை ஆகியிருக்கிறது. ஒரு தடவைக்கு ஒன்றோ இரண்டோ முட்டை. வளர்ந்த பறவையைக் கொல்ல ஒரு கழுகைத் தவிர யாருமில்லாத நாட்டில் இது சரியான கணக்கு. நீண்ட காலம் உயிரோடிருந்தால், நிதானமாக ஒவ்வொன்றாகக் குஞ்சு வளர்த்தால் போதும். வளர்ந்த பறவைகள் சாக ஆரம்பிக்கும்போது இந்தக் கணக்கு உடைந்துவிடும். எலியையோ முயலையோ வேட்டையாடினால் அடுத்த பருவத்தில் அவை நிரம்பிவிடும். மோவா விஷயத்தில் ஒரு தாய்ப்பறவை போனால் அந்த இடத்துக்கு இன்னொன்று தயாராகப் பல ஆண்டுகள். டைனார்னிஸில் நிறைய இறைச்சி தரும் பெரிய பறவை எப்போதும் பெண்தான். வேட்டைக்காரன் கண் முதலில் போவது அதன் மேல்தான் என்று நினைக்கிறேன். கூட்டில் உட்கார்ந்திருக்கும் ஆணோ, முட்டையோடு சேர்ந்து சுலபமாக மாட்டியிருக்கும்.

இந்தக் கணக்கில் ஆளெண்ணிக்கை பெரிய விஷயமே இல்லை. ஒரு சிறு குடியிருப்பு தன் சுற்றுவட்டாரத்தில் வாரத்துக்குச் சில பறவைகளை எடுத்தாலே, பிறப்பு அதை ஈடுகட்டாது. வேட்டையாடியவர்களுக்கு அது கண்ணில் பட்டிருக்குமா என்பதும் சந்தேகம்தான். இருப்பவை பல்லாண்டு வாழும் பறவைகள். குஞ்சுகள் குறைந்துகொண்டே போனாலும் பெரியவை சுற்றிலும் நடமாடிக்கொண்டிருக்கும். ஒரு தலைமுறை மனிதர் பார்வையில் எல்லாம் சரியாக இருப்பதுபோல்தான் தோன்றியிருக்கும்.

தென்தீவின் வடகிழக்கு முனையில் வைராவ் பார் என்ற இடம் இருக்கிறது. 1939இல் ஜிம் ஐல்ஸ் என்ற பள்ளிச் சிறுவன் அங்கே மண்ணைக் கிளறும்போது ஒரு புதைகுழியைக் கண்டான். நாட்டின் மிகத் தொன்மையான குடியிருப்புகளில் ஒன்று அது. இறந்தவர்களோடு துளையிட்ட மோவா முட்டைகளை வைத்திருந்தார்கள், தண்ணீர்க் குடுவையாகப் பயன்பட்டவை. மோவா எலும்பில் கடைந்த உருளைகளைக் கோத்த கழுத்தணிகள் இருந்தன. சுற்றிலும் மண் அடுப்புகள், உடைந்த ஓடுகள், எலும்புகள். புது நாட்டுக்கு வந்து வெப்பமண்டலப் பயிர்கள் பலவும் குளிரில் கைகொடுக்காத நிலையில், அந்த மக்களை மோவாதான் நிலைநிறுத்தியது. அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. அவர்களோடு படகில் வந்த நாயும் எலியும் கூட்டையும் முட்டையையும் சும்மா விட்டிருக்காது. தீ வைத்துக் காட்டைத் திறந்ததில் மேய்ச்சலிடமும் சுருங்கியது. மோவா போன பிறகு ஹாஸ்ட் கழுகும் போய்விட்டது. அதற்குத் தின்ன வேறு எதுவும் அந்த அளவில் இல்லை.

இந்தக் கதை இப்போது மறுபடி பேசப்படுவதற்கு ஒரு காரணம் உண்டு. 2025 ஜூலையில் அமெரிக்காவின் கொலாசல் பயோசயன்ஸஸ் நிறுவனம் தென்தீவு டைனார்னிஸை ‘மீட்டெடுக்கப் போகிறோம்’ என்று அறிவித்தது. தென்தீவின் மாவோரிக் குழுவான ங்காய் தாஹுவோடு தொடர்புடைய ஆய்வு மையமும் திரைப்பட இயக்குநர் பீட்டர் ஜாக்சனும் கூட இருக்கிறார்கள். எலும்புகளைத் திரட்டி மரபணுத் தொகுதியை முழுமையாகப் படிப்பது நல்ல காரியம், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ‘மீட்பு’ என்ற பேச்சை ஏற்க முடியவில்லை. 158 மோவா காலெலும்புகளை வைத்து 2012இல் செய்த ஆய்வின்படி, எலும்பிலுள்ள டி.என்.ஏ. ஏறத்தாழ 521 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகச் சிதைகிறது. கையில் இருப்பது துண்டு துண்டான பிரதி. அதைப் பார்த்து ஒரு டினமூவின் அல்லது ஈமுவின் மரபணுவைத் திருத்தலாம். அந்த இரு வம்சங்களும் மோவாவைப் பிரிந்து பல கோடி ஆண்டுகள் ஆகின்றன. திருத்திய கருவை எங்கே வளர்ப்பது என்பது அடுத்த சிக்கல். டைனார்னிஸ் முட்டை ஏறத்தாழ 4 கிலோ. ஈமு முட்டை முக்கால் கிலோகூடத் தேறாது. அத்தனையும் தாண்டி ஒரு குஞ்சு பிறந்தாலும், அது வளர்ந்து, இணை சேர்ந்து, வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ முட்டையிட வேண்டும். தானாக நிலைக்கும் ஒரு கூட்டம் உருவாகப் பல பத்தாண்டுகள் பிடிக்கும். அவ்வளவு காலமும் நாய், ஸ்டோட் என்ற கீரி போன்ற சிறு வேட்டை விலங்கு, பன்றி எதுவும் நுழையாத பெரிய காடு வேண்டும். அப்படிப்பட்ட காட்டுக்காக ஏற்கெனவே காத்திருப்பவை காகாபோ என்ற பறக்காத கிளியும் கிவியும். காகாபோ இன்று உலகத்தில் சில நூறுதான் மிச்சம். அதுவும் மெதுவாகப் பெருகும் பறவைதான். ரிமு மரம் நிறையக் காய்க்கும் ஆண்டுகளில் மட்டுமே முட்டையிடும். எலி இல்லாத தீவுகளில் ஒவ்வொரு கூட்டையும் ஆள் வைத்துக் காவல் காத்துத்தான் நியூசிலாந்து அதை இன்றுவரை காப்பாற்றி வருகிறது.